பெயர் தெரியாத புனிதர்

என்னுடைய எட்டாவது வயதில் எங்கள் வீட்டில் பெயர் தெரியாத ஒரு புனிதர் இருந்தார். அவரை அம்மா குப்பைக்குப் போகவிருந்த பெட்டி ஒன்றிலிருந்து எடுத்து வந்திருந்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இத்தாலியில், பலேர்மோவில் வுச்சீரியா சந்தைக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஒற்றை அறையில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா மன்னாரிலிருந்து கொழும்பு வரை வந்து, அங்கே ஒரு லொட்ஜில் இரண்டு வருடமாக எங்களிடமிருந்து வரவேண்டிய அனுமதிக் கடதாசிக்காகக் காத்துக் கிடந்தார். தொலைபேசியில் அவருடைய குரலைக் கேட்டுக் கேட்டு எனக்கு முகம் மறக்கத் தொடங்கியிருந்தது. இதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

அப்பா வருவதற்கு ஒரே ஒரு ஆள் மனம் வைத்தால் போதும். அம்மா வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா க்வெஸ்தூராவுக்கு, அதாவது எங்களைப் போன்றவர்களின் பத்திரங்களைப் பார்க்கும் பொலிஸ் அலுவலகத்துக்கு, நேரில் வந்து, "இந்தப் பெண் என்னிடம்தான் வேலை செய்கிறாள்" என்று ஒப்பமிட வேண்டும். சிஞ்ஞோரா எதிலும் ஒப்பமிடத் தயார்தான். நேரில் வருவதற்கு மட்டும் தயாரில்லை. ஒன்பது வருடமாக அவர் வீட்டுப் படலையைத் தாண்டியதில்லை.

சிஞ்ஞோரா பகேரியாவில் ஒரு பழைய வில்லாவின் மேல்மாடியில் தனியே இருந்தார். காய்கறிக்காரன் கீழே நின்று கூப்பிட்டால் பல்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார், தலையை மட்டும் காட்டமாட்டார். பள்ளிக்கூட விடுமுறையில் என்னைப் பார்க்க ஆள் இல்லாததால் அம்மா என்னையும் ரயிலில் கூட்டிப்போவார். அம்மாவுக்குச் சமையலறை இத்தாலியன்தான் தெரியும். ஆகவே சிஞ்ஞோராவிடம் இரண்டு முறை க்வெஸ்தூரா விஷயத்தைக் கேட்டதும், இரண்டு முறை மாட்டேன் என்ற பதிலைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். வெளியே போனால் ஆட்கள் முதலில் சும்மா பார்ப்பார்களாம், பிறகு அவளா இவள் என்று பார்ப்பார்களாம், அதற்குப் பிறகு பாவம் என்று பார்ப்பார்களாம். அந்த மூன்றாவது பார்வை தனக்கு வேண்டாம் என்றார். அதை எப்படித் தமிழில் சொல்வது என்று தெரியாமல், "அவவுக்கு ஏலாதாம்" என்று முடித்துவிட்டேன்.

அந்தக் கோடையில்தான் சிஞ்ஞோரா ஒரு கடதாசிப் பெட்டியைக் காட்டி, எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார். கொட்டப்போன அம்மாவின் கையில் ஒரு பெரிய படம் வந்தது. வெள்ளை முக்காடு, கூப்பிய கை, மேலே பார்க்கும் கண், தலைக்குப் பின்னால் ஒளி. எங்கள் ஆட்களுக்கு மாதா படம் போட்ட பழைய கலண்டரைக்கூடக் குப்பையில் போடக் கை வராது. ஒன்றில் கோயிலில் கொண்டுபோய் வைப்பார்கள், இல்லையென்றால் எரித்துச் சாம்பலைப் பூக்கன்றுக்குப் போடுவார்கள். அம்மாவுக்கு எரிக்கவும் மனம் வரவில்லை. கண்ணாடி போட்டு, எங்கள் மாதாவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டார்.

யார் இந்தப் புனிதர் என்று எங்கள் கட்டடத்துப் பெண்கள் கூடி ஆராய்ந்தார்கள். கையில் லீலிப்பூ இல்லை, மோட்சக் கதவின் திறப்பு இல்லை, அடையாளம் சொல்ல ஒன்றுமே இல்லை. இந்த நாட்டில் தெருவுக்கு ஒரு புனிதர், எல்லாரையும் யார் கண்டது என்று கடைசியில் விட்டுவிட்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் செபமாலை சொல்ல வந்தவர்கள் அவருக்கும் ஒரு மெழுகுதிரி வைத்தார்கள். கீழ்மாடியில் இருந்த யாழ்ப்பாணத்து மாமி கோயிலுக்குக் கும்பிடப் போகிற சைவக்காரி, ஆனால் எந்தக் கடவுளையும் பகைக்காதவர். அவர் மல்லிகைச் சரம் கொண்டுவந்து கண்ணாடியில் மாட்டினார். மூன்றாம் வாரம் அவருடைய பழைய தலையிடி மாறிவிட்டது. அதோடு புனிதரின் மதிப்பு உயர்ந்துவிட்டது.

ஒரு நாள் அம்மா மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருக்க, சிஞ்ஞோரா எனக்கு ஓர் அல்பம் காட்டினார். பத்தொன்பது வயதில், சோளக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து வீட்டுக்குச் சொல்லாமல் பஸ் ஏறிச் சினிமாவுக்குப் போனவராம். பதினொரு படம் நடித்தார். ஒன்பதில் இடைவேளைக்கு முன்பே செத்துவிடுவார். ஏன் எல்லாவற்றிலும் சாகிறீர்கள் என்று கேட்டேன். கதாநாயகன் மற்றப் பெண்ணைக் கட்டவேண்டுமே, நான் விலகத்தானே வேண்டும் என்றார். கடைசியில் ஒரே ஒரு பெரிய வேடம் கிடைத்தது. படம் ஓடவில்லை. இந்த முகத்தின் முன்னால் எவர் முழங்காலிடுவார் என்று ஒரு பத்திரிகைக்காரன் எழுதினானாம். அதற்குப் பிறகு பெரிய வேடத்துக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. ஏதோ ஒரு சின்ன வேடத்துக்காகச் சிசிலிக்கு வந்தவர், எலுமிச்சைத் தோட்டச் சொந்தக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்.

அந்தப் பெரிய வேடத்தில் எடுத்த படம் என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார். எங்கள் வீட்டுப் புனிதர் அதே வெள்ளை முக்காட்டோடு, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, கதிரையில் கால் நீட்டி, சிகரெட் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக் கதையை வேலை வீட்டில் கதைக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஆனால் வாய் முந்திவிட்டது. "இவர் எங்கள் வீட்டில் இருக்கிறார்" என்றேன். மெழுகுதிரி, மல்லிகை, மாமியின் தலையிடி எல்லாம் சொன்னேன். சிஞ்ஞோரா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். முழங்காலிலா நிற்கிறார்கள்? ஓம் என்றேன். இன்னொரு முறையும் அதையே கேட்டார். முழங்காலில்தான், சீமெந்து நிலத்தில், அரை மணித்தியாலம், எனக்கு நோகும் என்றேன். அவர் அல்பத்தை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அம்மாவின் வேலைக்கு உலை வைத்துவிட்டேன் என்று பயந்துபோனேன்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் செபமாலை பாதி போயிருக்க, கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் சிஞ்ஞோரா. தலையில் துணி, கறுப்புக் கண்ணாடி, மூன்று மாடி ஏறிய மூச்சு. பகேரியாவிலிருந்து ரயிலில் தனியே வந்து, வியா மக்வேதாத் தெரு நெடுக நடந்து, விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார். ஏழு பெண்களும் முழங்காலில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். அவர் நேரே படத்தடிக்குப் போய்த் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அதே மூக்கு, அதே நாடி, அதே கண், வயது மட்டும் வேறு.

முதலில் வாய் திறந்தவர் யாழ்ப்பாணத்து மாமிதான்.

"அப்ப என்ரை தலையிடியை மாத்தினது ஆர்?"

அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. வேலையும் போய், கடதாசியும் போய், அப்பா கொழும்பிலேயே நின்றுவிடுவார் என்று அந்த ஒரு நிமிடத்தில் முடிவு கட்டிவிட்டார் என்பது எனக்கே தெரிந்தது. "நான் களவெடுக்கேல்லை எண்டு சொல்லு பிள்ளை. குப்பையிலை போட மனம் வரேல்லை, அதுதான் கொண்டந்தனான் எண்டு சொல்லு" என்றார். சொன்னேன். சிஞ்ஞோரா மல்லிகைச் சரத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, உன் அம்மா படத்தில் இருக்கும் இவளிடம் என்ன கேட்கிறாள் என்றார்.

"ஒண்டும் இல்லை எண்டு சொல்லு" என்றார் அம்மா.

என் வாழ்நாளில் நான் செய்த மிகத் துணிச்சலான மொழிபெயர்ப்பு அதுதான். "சிஞ்ஞோராவின் மனம் இளகி க்வெஸ்தூராவுக்கு வரவேண்டும் என்று கேட்கிறார், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்" என்றேன்.

சிஞ்ஞோரா சிரிக்கத் தொடங்கினார். நிற்க முடியாமல் எங்கள் கட்டிலில் இருந்து சிரித்தார். பிறகு சிரிப்பு ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எத்தனையாம் திகதி வரவேண்டும் என்று கேட்டார். அம்மா தேத்தண்ணி போட ஓடினார். நின்ற இடத்திலிருந்தே செபமாலையை முடிப்பதா விடுவதா என்று மற்றவர்களுக்குள் சின்ன வாக்குவாதம் நடந்தது. கடைசியில் முடித்தார்கள். சிஞ்ஞோரா ஒரு மூலையில் இருந்து, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி, கடைசி அருள்நிறை மரியே வரைக்கும் அவர்களுடைய முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா அடுத்த பாஸ்காப் பெருநாளுக்கு முன் வந்து சேர்ந்துவிட்டார், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தில் அம்மா கையைக் காட்டிய பிறகுதான் எனக்கு அவரை அடையாளம் தெரிந்தது. படத்தையும் அம்மா இறக்கவில்லை. கேட்டது கிடைத்ததுதானே என்பது அவருடைய நியாயம். பாதர் வீடு மந்திரிக்க வரும் நாட்களில் மட்டும் அதற்கு மேல் ஒரு துவாய் தொங்கும்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது க்வெஸ்தூராவின் அந்தக் காலைதான். சிஞ்ஞோரா கறுப்புக் கண்ணாடி இல்லாமல், சிவப்புச் சாயம் பூசிய உதட்டோடு, எங்களோடு வரிசையில் இரண்டு மணித்தியாலம் நின்றார். ஒருவரும் அவரை அடையாளம் காணவில்லை. அதில் அவருக்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் முறை வந்தபோது கவுண்டரில் இருந்தவர் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துத் தொழில் இல்லத்தரசி என்று எழுதப் போனார். சிஞ்ஞோரா அவருடைய பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

"இல்லை. நடிகை என்று எழுதுங்கள்."

அவர் நடித்து முப்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியும், அவரே சொன்னது. இந்தக் கட்டடத்துக்குள் ஒரு பொய் வந்தாலும் எல்லாம் பிழையாய்ப் போய்விடும் என்று வாசலில் வைத்துத்தான் அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். நான் அம்மாவின் கையைச் சுரண்டி, "அவ பொய் சொல்லுறா அம்மா, நடிகை எண்டு சொல்லுறா" என்றேன்.

"பேசாமல் நில் பிள்ளை" என்றார் அம்மா. "அவ சொல்லட்டும்."

கவுண்டர்க்காரர் சிஞ்ஞோராவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அப்படியே எழுதினார். சின்னப் பொய்க்கே என் வாயில் மிளகாய் தேய்க்கிற அம்மா, சிஞ்ஞோராவின் முதுகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அன்று முழுக்க நான் இரண்டு பேரோடும் கதைக்கவில்லை.