தெருவில் இறங்கிய ஆட்டம்

எதிர்வீட்டு வெலிச்கா அக்கா, எங்கள் கார்லோவோ ஊர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எழுபதைத் தாண்டியதும் அடுப்பை அணைக்க மறந்தார். ஒருநாள் சந்தைக்குப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாமல் நீரூற்றுப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான்தான் அழைத்து வந்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் மகன் ஒக்னியான், வீட்டை விற்றுவிட்டு அம்மாவைத் தன்னோடு கொண்டுபோகத் துடித்தான். அக்காவுக்கோ இந்த ஊரை விட்டால் மூச்சே நின்றுவிடும். டாக்டர் மிலாதெனோவா ஒரு யோசனை சொன்னார்.

"ஹோரோ ஆடுங்க, நல்லா வேர்க்க வேர்க்க ஆடுங்க. மறதி ஓடிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உடம்பு ஓடினா மூளைக்கும் ரத்தம் ஓடும். புது அடி கத்துக்கறது அதுக்கு நல்ல தீனி."

கைகோத்து வரிசையாக ஆடும் எங்கள் ஊர் ஆட்டம்தான் ஹோரோ. அக்கா எங்கள் ஆட்டக் குழுவில் சேர்ந்தார். எனக்கு முழங்கால் போய்விட்டது. உட்கார்ந்து அக்கார்டியன் வாசிப்பேன், ஆடுகிறவர்களைக் குறை சொல்வேன். இவரைச் சொல்லி மாளவில்லை. வரிசை வலப்பக்கம் போனால் இவர் இடப்பக்கம் போவார். பக்கத்தில் நின்ற மருந்துக்கடை காமென் இவரிடம் மிதி வாங்கியே பல வாரம் நொண்டினான். ஆனாலும் அக்கா விடாமல் வந்தார். குளிர்காலம் முடிவதற்குள் அடிகள் காலில் ஏறிவிட்டன. அடுப்பும் ஒழுங்காக அணைந்தது. நான் போன வருடம் சொன்ன பொய்களைக்கூடப் பிடித்துவிட்டார், கிழவி.

மே மாத விழாவுக்கு ஒக்னியான் விமான டிக்கெட்டோடு வந்து நின்றான்.

"இன்னிக்கு வரிசைக்கு முன்னாடி நான்தான் நிக்கிறேன்," என்றார் அக்கா. "தடுமாறினா உன்கூட வரேன். இல்லேன்னா நீ வாயைத் திறக்கக் கூடாது."

"சரிம்மா."

அக்கா கைக்குட்டையைச் சுழற்றினார். முதல் அடி, இரண்டாவது அடி, ஒரே அமர்க்களம். மூன்றாவது அடி வரவேண்டிய இடத்தில் அவர் முகம் வெறிச்சென்று ஆனது. அடுத்த நொடி, விழா நடந்த ஊர்ச் சதுக்கத்தை விட்டு நேராகத் தெருவில் இறங்கிவிட்டார். முன்னால் நிற்பவர் போகிற இடத்துக்கு வரிசை போயே ஆக வேண்டும். ஊரே பின்னால் இறங்கியது. முழங்காலைத் திட்டிக்கொண்டு நானும் வாசித்தபடி ஓடினேன்.

தடுக்க ஓடிவந்த ஒக்னியான், வரிசையின் கடைசியில் இருந்த காமெனின் கையைப் பிடித்து இழுத்தான். அங்கேதான் பையன் மாட்டினான். ஹோரோவில் பிடித்த கையை நடுவில் விடுவதைவிடப் பெரிய மானக்கேடு எங்களுக்குக் கிடையாது. ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்தால் மட்டும் அது போய்விடுமா? குதித்துக் குதித்து வந்தான். முடிதிருத்தும் கடையிலிருந்து ஒருவர் முகத்தில் சோப்பு நுரையோடு வந்து அவனுடைய மறுகையைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவின் வீட்டு வாசல் வந்தது. அவர் நிற்காமல் தாண்டினார்.

"அம்மா, நம்ம வீடு தாண்டிடுச்சு." வரிசையின் கடைசியிலிருந்து கத்திய ஒக்னியானின் குரல் உடைந்துபோயிருந்தது.

"தெரியும்டா. நீ மூச்சு வாங்கறது இங்க வரைக்கும் கேக்குது. டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போறேன்."

டாக்டர் மிலாதெனோவா தன் வீட்டு மாடியில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஒக்னியான் அவர் வீட்டுப் படியில் சரிந்தான்.

"நீ தடுமாறினியேம்மா. நான் பார்த்தேன்," என்றான், மூச்சு திரும்பியதும்.

"தடுமாறினேன். மூணாவது அடி சுத்தமா மறந்துபோச்சு. இன்னும் மறக்கும்." அக்கா கைக்குட்டையால் மகனின் நெற்றியைத் துடைத்தார். "அதுக்காக யாராவது கையை விட்டாங்களா? நீதான் விட்டியா?"

ஒக்னியான் குனிந்து பார்த்தான். காமெனின் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த வாரக் கடைசியில் அவன் தனியாகத்தான் விமானம் ஏறினான்.