விசா இல்லாமல் வந்த குழந்தையை ஆண்டவர் கைவிடவில்லை

அன்று காலை மகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் வந்து நின்றது. எட்டிப் பார்த்தால் போலீஸ்காரர். அடுப்பை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

என் பெயர் ஜெசிந்தா. திருச்சி எடமலைப்பட்டி புதூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். தென்னூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. கணவர் ஆரோக்கியராஜ் லால்குடிக்காரர், ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். நான் பிறந்தது இலங்கையில், மன்னாரில். சண்டை நடந்த காலத்தில், மூன்று வயதுக் குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா வள்ளத்தில் ஏறி ராமேசுவரம் கரைக்கு வந்தார். அதற்குப் பிறகு திருச்சி அகதிகள் முகாம்தான் எனக்குச் சொந்த ஊர். படித்தது, வளர்ந்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் இங்கேதான். முகாமில் பதிவு இருக்கிறது. பாஸ்போர்ட், விசா எதுவும் கிடையாது.

வந்த போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். முகாமுக்கு வெளியே தங்கியிருப்பவர்களை விசாரிப்பதாகவும், ஒருமுறை ஸ்டேஷனுக்கு வந்துவிட்டுப் போகும்படியும் சொன்னார். அதற்குச் சில நாட்கள் முன்புதான், வெளிநாட்டவர்களுக்கான புதுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய செய்தி முகாம் முழுக்கப் பரவியிருந்தது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர்களுக்கு ஐந்து வருடம் வரை ஜெயில். எல்லார் போனிலும் அதே பேச்சு.

ஸ்டேஷனில் அதிகாரி என்னிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். மூன்று வயதில் வந்தேன் என்றேன்.

"வயசு கேக்கலம்மா. எப்படி வந்தீங்கன்னு கேக்கறேன்" என்றார்.

வள்ளத்தில் என்றேன். எழுதிக்கொண்டார். மேலிடத்துக்கு அனுப்புவோம், கேஸ் வந்தாலும் வரலாம், திரும்பக் கூப்பிடும்போது வாருங்கள் என்றார்.

அன்றிலிருந்து நான் நானாக இல்லை. தெருவில் போலீஸ் வேன் நின்றால் கதவைத் தாழிட்டுக்கொள்வேன். பஸ்ஸில் யாராவது உற்றுப் பார்த்தால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவேன். ஊசி போட்டு ரத்தம் எடுக்கும் கை நடுங்க ஆரம்பித்தது. ஜெயில், இல்லையென்றால் அடைத்து வைக்கும் சிறப்பு முகாம், அதுவும் இல்லையென்றால் எனக்கு முகமே தெரியாத ஒரு நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. அவளாகவே தலை பின்னிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தேன். ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். என் கணவர் வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே போய் வேனில் உட்கார்ந்து அழுதார்.

பூசைக்குப் போனாலும் செபம் வராது. வாய் செபமாலை சொல்லும், காது வாசலில் இருக்கும். கடைசியில் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியது. "ஆண்டவரே, நாடு கேக்கல. என் புள்ளகிட்டேருந்து என்னைப் பிரிச்சிடாதீங்க."

மறுபடியும் கூப்பிட்டார்கள். எங்கள் பங்குக் கோயிலில் ஒரு கன்னியாஸ்திரி, சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், வக்கீலுக்குப் படித்தவர். அவர் கூட வந்தார். நான் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தும் எப்படியோ தெரிந்துகொண்டு, முகாமிலிருந்து என் அம்மாவும் வந்துவிட்டார். அதிகாரி பேச ஆரம்பிக்கும் முன்னாலேயே அம்மா எழுந்து நின்றார். இத்தனை வருடம் திருச்சியில் இருந்தும் அவர் பேச்சு மாறவில்லை.

"இவள் அப்ப சின்னப் பிள்ளை ஐயா. நித்திரையில கிடந்தவள். நான்தான் தூக்கிக்கொண்டு வள்ளத்தில ஏறினனான். பிழையெண்டால் அது என்ர பிழை. என்னை வச்சிருங்கோ, இவளை விடுங்கோ."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "உக்காருங்கம்மா" என்றார். மேலிருந்து உத்தரவு வரும் வரை நாமும் காத்திருக்கத்தான் வேண்டும் என்றார். வெளியே வந்து மரத்தடியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. இத்தனை வருடமும் அவர் மனதில் என்ன சுமந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இருவரும் அங்கேயே நின்று செபித்தோம். பயம் போகவில்லை. ஆனால் அந்த நாட்களில் முதல்முறையாக ஒரு செபத்தை முழுதாகச் சொல்லி முடித்தேன்.

வேளாங்கண்ணித் திருவிழா வந்தது. எங்கள் தெருக்காரர்கள் காவி உடுத்தி நடைப்பயணம் கிளம்பினார்கள். கூப்பிட்டார்கள். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து நான் போகவில்லை. எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லி அனுப்பினேன்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் சிஸ்டர் போன் செய்தார். புதுச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது, கூடவே மத்திய அரசு இன்னொரு ஆணையும் போட்டிருக்கிறது என்றார். குறிப்பிட்ட தேதிக்கு முன்பே இங்கே தஞ்சம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது. நான் வந்த வருடம் அதற்கு எவ்வளவோ முந்தியது.

எனக்கு மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. "என்னை உள்ள போட மாட்டாங்களா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டேன்.

"மாட்டாங்க ஜெசி. நீ வீட்லதான் இருக்கப்போற."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஸ்டேஷனுக்குப் போனபோது அந்த அதிகாரியே, "உங்க மேல கேஸ் எதுவும் இல்லம்மா, போயிட்டு வாங்க" என்றார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். நான் இன்னும் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை. ஓட்டு இல்லை, பாஸ்போர்ட் இல்லை. அதற்கும் செபித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் பிள்ளையின் பக்கத்தில் இருக்கிறேன். நான் கேட்டது அதைத்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் முகாமுக்குப் போகிறேன். என்னைப் போலக் குழந்தையாகத் தூக்கி வரப்பட்டவர்கள் அங்கே நிறையப் பேர். எல்லாருக்கும் ஏதோ ஒரு விசாரணை, ஏதோ ஒரு பயம். சேர்ந்து செபிக்கிறோம். தேவைப்படுகிறவர்களைச் சிஸ்டரிடம் அழைத்துப் போகிறேன்.

இதைக் கேட்கும் உங்களில் யாராவது வாசலைப் பார்த்துப் பயந்துகொண்டு இருக்கலாம். தைரியம் வரட்டும், பிறகு செபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் நடுங்கிக்கொண்டேதான் கேட்டேன். அந்த நடுக்கத்தோடேயே ஆண்டவர் என் மன்றாட்டைக் கேட்டருளினார். அவருக்கு நன்றி.