கதவுப் பிடியில் ஆரஞ்சு ஒளி

எத்திடியம் புரோமைடு என்கிற சாயத்தைக் கண்டால் எனக்குப் பயம் உண்டு. அதைவிடப் பிரமிப்பு அதிகம். எந்த உயிரின் மரபணுவானாலும் போய் ஒட்டிக்கொள்ளும். புற ஊதா விளக்கின் கீழ் அந்த மரபணு ஆரஞ்சு நிறத்தில் கோடு கோடாக ஒளிரும். நம் உடம்புக்குள் போனால் மரபணுவையே கெடுத்துவிடக்கூடும். கோலாலம்பூர் ஆய்வகம் ஒன்றில் பல வருடமாக அதோடுதான் என் பிழைப்பு. கிள்ளானிலிருந்து அடித்துப் பிடித்து ரயிலேறி வந்து, இன்றைக்கும் அந்த ஒளியைப் பார்த்து வாய் பிளந்து நிற்பவள் நான்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதவைத் திறக்கும் முன் ஒரு கையுறையைக் கழற்றிவிட வேண்டும். வெறுங்கை கதவுக்கு, உறை போட்ட கை சாயத்துக்கு. மறந்தவர்களை நான் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காக இருந்தார்கள்.

போன வருடம் ஒரு மதியம், எங்காவது சிந்தியிருக்கிறதா என்று பார்க்க அறையை இருட்டாக்கி, புற ஊதா கைவிளக்கோடு சுற்றி வந்தேன். மேசை சுத்தம். கதவுப் பிடியில் நான்கு விரல் தடம் ஆரஞ்சாக மின்னியது. என்ன அழகு என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் கவனித்தேன், அது இடக்கைத் தடம். அங்கே இடக்கைப் பழக்கம் எனக்கு மட்டும்தான்.

அந்தப் பிடியைத் தினமும் துடைப்பவள் காப்பாரிலிருந்து வரும் துப்புரவுப் பெண். ஆறு மாதக் கர்ப்பிணி. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அவளைத் தேடிப் பிடித்து, நாக்கு குழற எல்லாவற்றையும் சொன்னேன்.

"காட்டுங்கக்கா," என்றாள். இருட்டறைக்குக் கூட்டி வந்து, அவள் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டி, விளக்கைக் காட்டினேன். பிடியைப் பார்த்தவள், "அம்மாடி, எவ்ளோ அழகா இருக்கு லா!" என்றாள்.

"கைய நீட்டும்மா."

நீட்டினாள். விளக்கை அருகில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை, நகக்கண், விரலிடுக்கு, எங்கும் ஒரு பொட்டு ஆரஞ்சு இல்லை.

"இந்தக் கதவ நான் வெறுங்கையால தொட்டதே இல்லக்கா. நீங்க கிளவ்ஸோட தொறக்கிறத டெய்லி பாக்குறேன். அதான் பாக்கெட்ல ஒரு ஜோடி வச்சிருப்பேன். தொடச்சதும் வீசிருவேன்."

எத்தனை வருடம் அந்த ஒளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்! அவள் என்னைப் பார்த்திருக்கிறாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"உங்ககிட்டயா?" என்று சிரித்தாள்.

அந்த இருட்டில் என் முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று.