முடியோடு நாலடி

தீம் பார்க்கில் வேலை என்றால் நாளெல்லாம் விளையாட்டு என்று ஊர் நினைக்கிறது; எங்கள் தொழிலோ விளையாட வந்தவர்களை வெயிலில் நிறுத்தி, "கொஞ்சம் இருங்க" என்று சொல்வது. கல்யாண வீட்டில் பந்தி வாசலில் நின்றவர்கள், ரேஷன் கடையில் வரிசை பார்த்தவர்கள், பள்ளிக்கூட டூரில் தலை எண்ணியவர்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும், அவ்வளவுதான்.

திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகிற பக்கம், சாலையை ஒட்டி எங்கள் பார்க். தங்குவதற்கு அறைகளும் உண்டு. மலையில் சாமி பார்த்துவிட்டு இறங்குகிற குடும்பங்கள்தான் பாதிக் கூட்டம். அங்கே ஆறு வருடம் கொலம்பஸ் ஆட்டினேன். ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் போகுமே, அந்தப் பெரிய கப்பல். பிறகு வளைகுடாவுக்குப் போய் ஒன்பது வருடம் குடோனில் பெட்டி அடுக்கினேன். திரும்பி வந்த அன்று என் இளைய மகள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போனில் வருகிற ஆள்தானா இவர் என்று அவள் அம்மாவைக் கேட்டாள். எனக்கு வலித்தது. இனி எங்கேயும் போவதில்லை என்று முடிவு செய்து பழைய பார்க்கிலேயே வேலை கேட்டேன். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள். அது நிலைக்காவிட்டால் என்னை மறுபடி விமானம் ஏற்ற அரக்கோணத்து ஏஜெண்ட் தயாராக இருந்தார்.

அண்ணனும் சாரும்

நான் வளைகுடா போகும்போது முனிரத்தினம் தண்ணீர்ச் சறுக்கில் டியூப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வந்து பார்த்தால் மேனேஜர். கழுத்தில் அட்டை, கையில் வாக்கி டாக்கி. அவன் என்னை அண்ணே என்றான், நான் அவரை சார் என்றேன். இந்த வாக்கியத்திலேயே பாருங்கள், அவனா அவரா என்பது எனக்கு இன்னும் தீரவில்லை.

அலுவலக மேஜையில் ஒரு புகார் நோட்டு உண்டு. வந்தவர்கள் யார் வேண்டுமானாலும் எழுதலாம். மாதத்துக்குள் என் பேர் மூன்று தடவை ஏறினால் வேலை கிடையாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். இதைச் சொல்ல முனிரத்தினம் ரொம்பச் சிரமப்பட்டார். பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்களை அண்ணேன்னு கூப்டுகினே திட்ட முடியாதுங்க. அதனால தப்பு மட்டும் பண்ணாதீங்க."

வேண்டாத மொட்டை

வளைகுடாத் தண்ணீர் என் தலையில் ஒரு முடி விடவில்லை. வேறு ஊராக இருந்தால் வழுக்கை என்பார்கள். திருத்தணியில் இது மொட்டை. "என்னா வேண்டுதல்?" என்று முதல் வாரத்தில் நாலு பேர் விசாரித்துவிட்டார்கள்.

ஒரு அம்மா, புதிதாக மொட்டை போட்ட பேரப்பிள்ளைகளோடு கப்பல் வரிசையில் நின்றவர், என் தலையை உற்றுப் பார்த்தார். பைக்குள் கைவிட்டுச் சந்தன டப்பாவை எடுத்து, "வெயில்ல நிக்கிறியே, காயப்போவுது, கொஞ்சம் பூசிக்கோ" என்று நீட்டினார். நான் பாய்ம்மா, இது தானாகப் போன முடி என்றேன். அவர் டப்பாவை மூடவில்லை. "வெயிலுக்குத் தெரியுமா நீ பாயின்னு?"

பூசிக்கொண்டேன். ஜில்லென்றுதான் இருந்தது. பக்கத்தில் பட்டன் பலகையில் நின்ற செல்வி, ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டிவிட்டு வந்த பெண், என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இப்பத்தான் பாய் நீங்க நம்மூர்க்காரர் மாதிரி கீறீங்க."

குளத்தில் இறங்கும் சந்தனம்

நான் இருந்த காலத்தில் சந்தனத் தலையோடு குளத்தில் குதிப்பார்கள், மாலைக்குள் தண்ணீர் மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்துவிடும். இப்போது விதி மாறியிருக்கிறது. ஷவரில் தலை கழுவிய பிறகுதான் இறங்க வேண்டும். அலை அடிக்கும் குளத்து வாசலில் வழக்கமாக நிற்கிற ஆள் வராத ஒரு நாள் என்னை நிறுத்தினார்கள். அன்றைக்குப் பார்த்து ஆந்திரா பக்கத்திலிருந்து பதினோரு மொட்டைகள், ஒரே குடும்பம்.

பத்துப் பேர் கழுவினார்கள். குடும்பத்துப் பெரியவர் மட்டும் முடியாது என்றார். நான் ஷவரைக் காட்டினேன், அவர் மலையைக் காட்டினார். பத்து நிமிடம் இப்படியே போனது. கடைசிவரை தண்ணீரில் கால் வைக்காமல் கரையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, போகும்போது புகார் நோட்டில் தெலுங்கில் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போனார். செல்விக்குத்தான் படிக்கத் தெரியும். எனக்காக ஒரு வரியை மட்டும் தமிழில் சொன்னாள்: "குளிர்ச்சிக்குன்னு மேல தடவனாங்க, கீழ வந்தா குளிர்ச்சிக்குன்னு கழுவச் சொல்றான்."

படி

கப்பலுக்கு ஏற இருபத்திரண்டு படி. ஒருவர் அடியில் நின்றுகொண்டு லிப்ட் எங்கே என்றார். இல்லை என்றேன். காலையில் மலைக்கு எப்படிப் போனீர்கள் என்று கேட்டேன். முந்நூற்று அறுபத்தைந்து படியும் நடந்தே ஏறினாராம், அதுவும் வெறுங்காலில். அப்படியானால் இது எம்மாத்திரம் என்றேன். அவர் என்னை விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சாமிக்கு ஏறலாம் பாய், சும்மாவுக்கு எப்படி ஏர்றது?"

ஒரு பல்

இது பழைய கதை. இதைச் சொல்லாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் உயரம் பார்க்க எங்கள் கையில் ஒரு கோல் இருந்தது. நாலு அடி. அதற்குக் குறைந்த பிள்ளையைக் கப்பலில் ஏற்றக் கூடாது, மடியில் விழும் இரும்புக் கம்பி அவர்களைப் பிடிக்காது. கையில் பிடிக்கிற கோல் என்றால் மனசு சாய்கிற பக்கம் அதுவும் சாயும். இரண்டு விரல் குறைந்த ஒரு பையனுக்காக அவன் அம்மா கெஞ்சினார். சாய்த்தேன்.

கப்பல் உச்சிக்குப் போய்த் திரும்பியபோது பையன் முன்னால் சரிந்து வாயைக் கம்பியில் இடித்துக்கொண்டான். முன்பல் விழுந்தது. பால்பல்தான், எப்படியும் விழ வேண்டியது என்று அவன் அம்மாவே சமாதானம் சொன்னார். சறுக்குப் பக்கமிருந்து ஓடி வந்த முனிரத்தினம் பலகை இடுக்கிலிருந்து அந்தப் பல்லைத் தேடி எடுத்து டிக்கெட்டில் மடித்துக் கொடுத்தான். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. குடோனில் ஒன்பது வருடமும் அது எனக்கு நினைவு வந்துகொண்டிருந்தது, ஏனென்றால் அந்தப் பையன் ரத்த வாயோடு என் சட்டையைப் பிடித்துக் கேட்டான்: "அண்ணா, இன்னொரு வாட்டி போலாமா?"

யாருடைய அடி

இப்போது கோல் இல்லை. ஏறும் வழியில் சுவரோடு ஒரு பலகை, அதில் ஒரு மயில். மயில் மூக்கைத் தலை தொட்டால் உள்ளே, தொடாவிட்டால் வெளியே. பலகை சாயாது. எனக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பலகையையும் வென்றுவிடுவார்கள். செருப்புக்குள் செய்தித்தாள் மடித்து வைத்த ஒரு பையனை இறக்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் அளந்தபோது சரியாக நாலு அடி என்று அவன் அப்பா சாதித்தார். நாலு அடி என்றால் நாலு அடிதானே என்றேன்.

அவர் தன் காலைத் தூக்கி என் கால் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என்னுடையதைவிட ஒரு அங்குலம் சின்னது. பிறகு நேராகப் போய் நோட்டில் எழுதினார். அது இரண்டாவது. எழுதியது முழுவதும் ஒரே கேள்வி: "நாலு அடி என்றால் யார் அடி, அவர் அடியா, என் அடியா?"

தேஜு

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. சாயங்காலம் கடைசிச் சுற்று போன பிறகு ஒரு தறிக்காரர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பேர் தேஜு, ஏழு வயது. கைக்குழந்தையில் காய்ச்சல் கண்டபோது மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார்களாம். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் தலையைக் கொடுக்கவில்லை. கடைசியில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. இங்கே ஒரு நாள் அறை, கப்பலில் ஒரு சுற்று, அதற்குப் பதில் முடி. கொடுப்பதற்கு முன்னால் கப்பல் நிச்சயம்தானா என்று பார்க்க வந்திருந்தாள். கெட்டிக்காரி. உச்சிக் கொண்டையோடு மயிலுக்கு முன்னால் நின்றாள். மூக்கைத் தாண்டியது. "நாளைக்கு வாம்மா, நீதான் முதல் ஆளு" என்றேன்.

மறுநாள் காலை அவளே முதலில் வந்தாள். தலையெல்லாம் சந்தனம், முகமெல்லாம் சிரிப்பு. மயிலுக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்றாள். மூக்குக்கு ஒரு விரல் கீழே இருந்தது. நேற்று நான் அளந்தது கொண்டையை. அப்பா என்னைப் பார்த்தார். "நீங்கதானே பாய் ஏறலாம்னீங்க? அதை நம்பித்தானே தலையைக் குடுத்துச்சு?" பின்னால் முப்பது பேர், பாதி மொட்டை. பலகை சாயாதுதான், ஆனால் ஒரு விரலைக் கண் பார்க்காமல் விடலாம். ஏற்றிவிட்டால் நோட்டில் எழுத ஆள் இல்லை, விமானம் இல்லை, என் மகள்கள் என்னோடு. எனக்கு அந்தச் சட்டையைப் பிடித்த கை ஞாபகம் வந்தது.

"தப்பு என்னுது, நேத்து முடியை அளந்துட்டேன், இன்னிக்கு ஏத்த முடியாது" என்றேன். அவள் அழவில்லை. கையைத் தலைமேல் வைத்து மயில் மூக்கு வரை நீட்டிப் பார்த்தாள். விரல் நுனியில் சந்தனம், மயிலுக்கும் கொஞ்சம் ஒட்டியது. பிறகு அப்பா பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அப்போ மலைமேல போயி முடியைத் திருப்பி வாங்கினு வா நைனா."

மூன்றாவது

அவர் எழுதாமல் போயிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். எழுதினார். மதியம் முனிரத்தினம் கூப்பிட்டு நோட்டைப் படித்துக் காட்டினார். நேற்று ஏறலாம் என்று சொன்னதும், அதை நம்பி மொட்டை அடித்ததும், இன்று ஏற்றாததும், தப்பு தன்னுடையது என்று ஆப்பரேட்டரே ஒத்துக்கொண்டதும் வரிசையாக இருந்தது. ஒரு சொல் பொய் இல்லை. எல்லாம் உண்மை என்றேன். அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். ஏஜெண்டின் நம்பர் போனில் இருக்கிறதா என்று மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

முனிரத்தினம் பேனா மூடியைத் திருகினார். எவ்வளவு குறைந்தது என்று கேட்டார். ஒரு விரல் என்றேன். பிறகு அந்தப் பக்கத்தின் கீழே, மேலிடத்துக்குப் போகிற குறிப்பில், ஆப்பரேட்டர் விதிப்படி நடந்தார், அளக்கும் முறை திருத்தப்படும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அட்டையை என் பக்கம் தள்ளினார். "ஏத்தியிருந்தா நோட்டுல ஒண்ணும் வந்திருக்காதுண்ணே. பலகை இடுக்குல நான்தான் திரும்பத் தேடிகினு இருந்திருப்பேன்."

ஆடிக் கிருத்திகை

மயிலுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு வரி எழுதியிருக்கிறோம்: முடி கணக்கில் சேராது. உள்ளங்கையைத் தலையில் அழுத்தி அளக்கிறோம். சில அம்மாக்கள் முறைக்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், காவடிக் கூட்டம் மலையிலிருந்து இறங்கி வந்த நேரம், வரிசையில் அந்தத் தறிக்காரரைப் பார்த்தேன். அவர் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. தேஜுவுக்கு முடி காதுவரை வளர்ந்து குச்சி குச்சியாக நின்றது.

மயிலுக்கு முன்னால் வந்தாள். தன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றாள், குதிகால் தரையில் இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து தானே பார்த்துக்கொண்டாள். நான் கையை மெதுவாகத்தான் வைத்தேன். முடியை அமுக்கினால் குறைந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அவளுக்கு இல்லை. என் கையைப் பிடித்துத் தலைமேல் இறுக்கினாள். என் கை மயில் மூக்கில் இடித்தது. "நல்லா அமுக்கிப் பாரு அங்கிள். இது முடி இல்ல, நானு."

ஒன்பது வருடம் கழித்துத் திரும்பி வந்து நான் கற்றது, யாரை அளந்தாலும் முடியைக் கழித்துத்தான் அளக்க வேண்டும் என்பது. என் விஷயத்தில் அந்த வேலையை வளைகுடா முன்கூட்டியே முடித்து அனுப்பியிருக்கிறது.