எய்விந்தும் ஹல்வோரின் ஐந்து பசுக்களும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், எங்கள் லிண்டால் ஊரில் பால் ஆய்வாளராக இருந்த எய்விந்தை யாரும் வீட்டுக்குள் கூப்பிட மாட்டார்கள். பாலில் குறை கண்டால் அபராதம் எழுதிவிடுவார் என்று, அவர் வண்டியைக் கண்டாலே பண்ணைக்காரர்கள் தொழுவத்தைக் கழுவ ஓடுவார்கள். தேவாலயத்தில்கூட அவர் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் கொண்டுவரும் பால் புட்டிகளைச் சோதனைக்கூடத்தில் வாங்கி வைப்பது என் வேலை. அதனால் என்னிடம் நாலு வார்த்தை பேசுவார்.

அவருக்கு இருந்த ஒரே சிநேகிதர் ஹல்வோர். நார்வேயிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். ஞாயிறு மதியம் ஹல்வோர் பண்ணையில் காப்பி குடித்துக்கொண்டு சீட்டு ஆடுவார்கள்.

1910 வசந்தத்தில், பசுக்களுக்குக் காசநோய் இருக்கிறதா என்று ஊசி போட்டுப் பார்க்க உத்தரவு வந்தது. ஊசி போட்ட பிறகு காய்ச்சல் ஏறினால் அந்த மாட்டைக் கொன்றுவிட வேண்டும். ஹல்வோரின் பதினோரு பசுக்களில் ஐந்துக்கு ஏறியது. அதில் ஒன்று டாக்ரோஸ். இறந்துபோன அவர் மனைவி புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது.

"டாக்ரோஸுக்கு மட்டும் ரெண்டு டிகிரி குறைச்சு எழுதுடா. அது பாலை வெளிய விக்க மாட்டேன், நானே குடிச்சுக்கறேன்" என்றார் ஹல்வோர்.

"நீ குடிச்சுட்டு இரும ஆரம்பிச்சா நான் யார்கிட்டடா போவேன்?"

எய்விந்த் உள்ளதை உள்ளபடி எழுதினார். ஐந்தையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். அறுத்துப் பார்த்ததில் நாலு பசுக்களின் நுரையீரலில் கட்டிகட்டியாக இருந்தது. டாக்ரோஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அதை யாரும் ஹல்வோரிடம் சொல்லியிருக்கத் தேவையில்லை. எய்விந்த் அன்றைக்கே போய்ச் சொன்னார்.

ஹல்வோர் கேட்டார்: "இதை எதுக்குடா வந்து சொல்ற?"

"உன் மாடு. உனக்குத் தெரியணும்."

ஹல்வோர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வருஷமும் ஊசி போடும் நாள் வந்தது. ஹல்வோர் புதிதாக வாங்கியவற்றோடு எல்லாப் பசுக்களையும் வரிசையாகக் கட்டி, கை கழுவ வெந்நீரும் சோப்பும் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். பகல் முழுக்க எய்விந்த் தனியாகத் தொழுவத்தில் காய்ச்சல் பார்த்தார். ஒன்றுக்கும் ஏறவில்லை. முடிவைத் தாளில் எழுதிக் கதவில் குத்திவைத்துவிட்டு வந்தார்.

ஒன்பது வருஷம் இப்படியே நடந்தது. "இந்தத் தடவையும் எல்லாம் சுத்தம்" என்று என்னிடம் வந்து சொல்வார். சொல்ல அவருக்கு வேறு ஆள் இல்லை.