இரண்டு கிளியம்மாள்

ஃபாயிசா சிரித்தால் ஜெபராஜ் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வார். அதில் பாட்டு எதுவும் ஓடாது. நாவலூர் அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். வாட்ஸ்அப் குழுவில் அவள் ஏதாவது போட்டால், யார் யார் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். தானும் ஒன்று காட்டுவார், கடைசி ஆளாக.

நாற்பத்தாறு வயது. முடிச்சூரில் வீடு. வண்டலூர், கேளம்பாக்கம் என்று சுற்றிக்கொண்டு பைக்கில் வேலைக்கு வருகிறவர். தாம்பரம் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களின் சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கம் எல்லாவற்றையும் வருடா வருடம் அதே ஆட்களிடம் கேட்டுப் பதிந்துவரும் ஒரு நீண்டகால ஆய்வுதான் அங்கே நடப்பது. அந்த விவரங்களைக் காக்கும் மென்பொருள் ஜெபராஜ் எழுதியது. 2015 வெள்ளத்தில் முடிச்சூரே மிதந்து, ஜனங்கள் வீடும் போன் நம்பரும் மாறிச் சிதறிப் போனபோது, பாதிப்பேரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது அதுதான். "கம்ப்யூட்டர் போனா வேற வாங்கலாம். ஆளு தொலையக் கூடாது" என்பார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே இந்த உபதேசம் உண்டு.

பல்லாவரத்திலிருந்து வந்த ஃபாயிசாவுக்கும் சொன்னார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டவள், ஆறே மாதத்தில் மீதிப் பாதியையும் கண்டுபிடிக்கும் ஒரு புரோகிராம் எழுதிவிட்டாள். ஒரே ஆள் இரண்டு ஊரில் இரண்டு பதிவாக இருந்தால், அது மோப்பம் பிடித்து ஒன்றாக்கிவிடும். ஆய்வின் தலைவர் டாக்டர் பத்ரிநாராயணன், "பிரமாதம்மா!" என்றார். இத்தனை வருடத்தில் ஜெபராஜ் அவரிடம் வாங்கிய பெரிய பாராட்டு, "ஓகே, ஜெபராஜ்."

மனைவி கிறிஸ்டினா வீட்டில் சிரிப்பாள். "அந்தப் பொண்ணு பேரைச் சொல்லாம நீங்க ஒருநாளாவது ராத்திரி சாப்பிட்டிருக்கீங்களா?"

போன மாதம், ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஃபாயிசா தன் புரோகிராமை விளக்குவதாக இருந்தது. அந்த வாரம் முழுக்க ஜெபராஜ் அதைக் குடைந்துகொண்டிருந்தார். ஒரு குறைகூடவா இருக்காது? புதன்கிழமை அகப்பட்டது. முடிச்சூரில் ஒரு கிளியம்மாள். அதே தெருவில் இருந்து, வெள்ளத்துக்குப் பிறகு கேளம்பாக்கத்துக்குக் குடிபோன இன்னொரு கிளியம்மாள். வயதும் கிட்டத்தட்ட ஒன்று. புரோகிராம் இருவரையும் ஒரே ஆளாக்கியிருந்தது. கேளம்பாக்கத்துக்காரருக்கு மருத்துவ முகாமில் கருவி அளந்து அனுப்பிய இரத்த அழுத்தம் ஆபத்தான அளவு. முடிச்சூர்க்காரரின் நல்ல அளவு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதால், டாக்டருக்குப் போக வேண்டிய எச்சரிக்கை போகவே இல்லை.

ஜெபராஜுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை, எல்லார் முன்னாலும், ரொம்பப் பணிவாக: "ஒரு சின்ன சந்தேகம், ஃபாயிசா." வீடு திரும்பும் வழியெல்லாம் அதை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். கேளம்பாக்கம் சிக்னலில் நின்றபோதும் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அன்று தட்டின் முன்னால் ஃபாயிசா பேரே வரவில்லை. "இன்னைக்கு அந்தப் பொண்ணு லீவா?" என்றாள் கிறிஸ்டினா. அவர் விஷயத்தைச் சொன்னார், கொஞ்சம் ரசித்தே.

"சரி, அந்த அம்மா மாத்திரை போட்டாங்களா?"

"எந்த அம்மா?"

கிறிஸ்டினா அவரையே பார்த்தாள். ஜெபராஜ் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தார்.

"தல கல்லாட்டம் கீதுபா" என்றார் கேளம்பாக்கத்துக் கிளியம்மாள். "வெயிலுனு நென்ச்சிகினு கீறேன்."

உடனே அந்தப் பக்கத்துக் களப்பணியாளர் பென்னியைக் கூப்பிட்டுச் சொன்னார். பென்னி அந்த அம்மாளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்ப அழைத்தான். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கை கால் இழுத்திருக்கும்னு டாக்டர் சொல்றார், சார்."

இரண்டு நாள் என்றால் வெள்ளிக்கிழமை. ஜெபராஜ் எடுத்து வைத்திருந்த படத்தை அழித்தார்.

மறுநாள் காலை ஃபாயிசாவிடம் தனியாகச் சொன்னார். அவள் அழுதாள். அழுதுகொண்டே உட்கார்ந்து சாயங்காலத்துக்குள் சரி செய்தாள். வெள்ளிக்கிழமை அவள் பேச்சை ஆரம்பித்ததே அதிலிருந்துதான். "என் புரோகிராம் ஒரு ஆளைத் தொலைச்சிடுச்சு. கண்டுபிடிச்சது ஜெபராஜ் அண்ணா."

டாக்டர் பத்ரிநாராயணன் எழுந்தே நின்றுவிட்டார். "தப்பை இப்படி ஒத்துக்கற தைரியம் யாருக்கு வரும்!" அறை முழுக்கக் கைதட்டல். பிறகு ஞாபகம் வந்தவராக இந்தப் பக்கம் திரும்பி, "ஓகே, ஜெபராஜ்" என்றார்.

தப்பு செய்தாலும் அவளுக்கே கைதட்டல். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜெபராஜுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்ததும் அவரே கிளியம்மாளைக் கூப்பிட்டார்.

"இப்போ தேவலபா. வூட்டுக்கு வந்துட்டேன். ஃபாயிசானு ஒரு பொண்ணு, டெய்லி போன் போட்டு மாத்திர போட்டியானு கேக்குது. பெத்த பொண்ணுகூட இப்டி கேக்கல. ஆமா, நீ யாரு?"

"நானும் அங்கதாம்மா வேலை செய்றேன்."

எதிர் மேசையில் ஃபாயிசா யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜெபராஜ் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணு எத்தனை மணிக்குக் கூப்பிடுவாங்க?"

"காலீல ஒம்போது மணிக்கு. டாண்ணு அடிக்கும்."

"உடம்பைப் பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தினமும் காலை எட்டரைக்கு அடிக்கும்படி தன் போனில் ஓர் அலாரம் வைத்தார்.