பனிக்குள் பச்சையாக ஒரு பூமரம்

செடிக்கடையில் நின்று பிழைக்கும் நண்பர்களே, "இது செத்துப்போகாதுதானே?" என்று கேட்காமல் எவரும் பூமரம் வாங்கியதை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். தாவரவியல் படித்தும் அந்தக் கேள்விக்கு இன்னமும் உத்தரவாதச் சீட்டைத்தான் காட்டுவேன். கீழே உள்ளவற்றில் கடைசிச் சம்பவம் நான் பாராதது. என்னோடு வேலை செய்யும் அனுஷா சொன்னது.

யன்னலுக்கு ஒன்று

இலையுதிர்காலத்தில் ரூஜ் பகுதியிலிருந்து ஓர் அன்ரியும் அங்கிளும் வந்தார்கள். படுக்கையறை யன்னலால் பார்த்தால் பனிக்குள்ளும் பச்சையாகத் தெரிகிற பூமரம் அன்ரிக்கு வேண்டும். பெயர் அட்டை விழுந்த சாடிகளுக்குள் தேடினேன். தடித்த நீள இலை, கொப்பு நுனியில் பருத்த மொட்டு. றோடோடென்றன்தான்.

"ஒரு வருச உத்தரவாதம் இருக்கு, அன்ரி. பட்டுப்போனால் பில்லோடை கொண்டு வாங்கோ."

"நான் வரமாட்டன், பிள்ளை. இவர் வருவார்."

சுருண்ட இலை

ஜனவரிக் குளிரில் அங்கிள் தனியே வந்தார். "இலையெல்லாம் சுருட்டு மாதிரிச் சுருண்டு தொங்குது. செத்துப்போச்செண்டு மனிசி அழுறா." பைக்குள் இருந்து ஒரு கொப்பை எடுத்தார். இலைகள் நன்றாக விரிந்திருந்தன. அங்கிள் திகைத்துவிட்டார். "சத்தியமாச் சுருண்டுதான் இருந்தது, பிள்ளை!"

குளிருக்கு இலையைச் சுருட்டுவது இந்தச் செடியின் வழக்கம், கார்ச் சூட்டில் விரிந்துவிட்டது என்று விளக்கினேன். "அப்ப உயிரோடை இருக்கோ?" என்று கேட்டார். அடித்துச் சொல்ல எனக்குப் பயம். "இப்போதைக்கு ஓம், அங்கிள். மே மாதம் பூத்தால்தான் நிச்சயம்."

"டொக்டர் அவவுக்கு மே வரைக்கும் சொல்லேல்லை, பிள்ளை."

கட்டிலடியில்

அனுஷாவின் வீடு அன்ரி வீட்டுத் தெருவில்தான்; அடிக்கடி போய்ப் பார்த்து வருவாள். அங்கிள் அந்தக் கொப்பை எறியவில்லையாம். காலையில் வெளியே பனிக்குள் குத்திவைப்பார். சுருண்டதும் அன்ரியின் கட்டிலடிக்குக் கொண்டுவந்து போத்தல் தண்ணீரில் வைப்பார். இலை மெல்ல விரிவதை இருவரும் பார்த்திருப்பார்களாம். ஒருநாள் எவ்வளவு நேரம் வைத்தும் விரியவில்லை. அங்கிள் ஹீற்றரைக் கூட்டப் போக, அன்ரி தடுத்தாராம்.

"விடுங்கோப்பா. அதுவும் களைச்சுப்போச்சு."

அன்ரி மார்ச்சில் போய்விட்டார். மே மாதம் நானே போய் அவர்கள் வீட்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்: அங்கிள் கொப்பு முறித்த இடத்தைத் தவிர மற்ற எல்லா நுனியிலும் பூ, உத்தரவாதம் இன்னும் மிச்சம் இருந்தது.